வெயிலுக்கு அஞ்சாத பூச்செடிகள்

ஒரு பூச்செடியை வாசலில் ஊன்றுமுன் அதன் பூ என்ன நிறம் என்று கேட்பதே நம்மிற் பலருடைய வழக்கம். ராஜகுளம் தொடங்கி உத்திரமேரூர் வரையுள்ள சிற்றூர்களில் வாழும் நமக்கு அதைவிட அவசியமான கேள்வி ஒன்று உண்டு. சித்திரையிலும் வைகாசியிலும் இதற்குத் தண்ணீர் ஊற்றப்போகிறவர் யார்? விடியற்காலையில் தறியில் இறங்கிய நெசவாளர் உச்சிப்பொழுதுவரை எழுவதில்லை. வீட்டுப் பெண்டிருக்குத் தார் சுற்றவும் இழை புணைக்கவும் சமைக்கவுமே பொழுது போதாது. பயிரிடுவோர் வீட்டிலோ, கிணற்றில் ஊறும் நீர் நாற்றங்காலுக்கே காணாத காலம் அது. அந்த இரண்டு மாதங்களில் ஒரு குடம் நீரைப் பூச்செடிக்குக் கேட்பது நியாயமன்று.

ஆனால் பூ வேண்டாம் என்று இருந்துவிடவும் நம்மால் இயலாது. பூஜைக்குப் பூ வேண்டும். கூந்தலுக்குப் பூ வேண்டும். நாளொன்றுக்கு இருபது ரூபாய்க்குப் பூ வாங்கும் குடும்பம் ஆண்டொன்றுக்கு 7,300 ரூபாய் அதற்கே கொடுக்கிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தவர்கள் குறைவு. ஆகவே, கடும் வெயிலைத் தாங்கி, பல ஆண்டுகள் நின்று, கையைக் கடிக்காமற் பூத்துக்கொண்டிருக்கும் செடிகள் எவை என்று ஆராய்வது வெறும் அலங்கார விஷயம் அன்று. வீட்டுக் கணக்கையும் கிணற்று நீரையும் பற்றிய விஷயம்.

தோட்டத்தைப் பற்றிக் கூடிப் பேசுவது நம் பகுதிக்குப் புதியதும் அன்று. முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறையைப் பற்றியவை என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அம்முறையில் அமைத்த வாரியங்களுள் ஏரி வாரியத்திற்கு 6 பேர். தோட்ட வாரியத்திற்கோ 12 பேர் என்பதைக் கவனித்தவர் எத்தனை பேர்? ஏரியைக் காக்க ஆறு பேரும் தோட்டத்தைக் காக்கப் பன்னிரண்டு பேரும் போதும் என்று வகுத்த ஊரின் அருகே இருந்துகொண்டு, நான்கு அரளிக் குச்சிக்காக வெளியூர் நாற்றுப்பண்ணைக்குப் போவது நமக்கு அழகாகாது.

முதலில் நம் பருவத்தை அறிந்துகொள்வோம். காஞ்சிபுரம் வட்டாரத்தில் ஆண்டொன்றுக்குப் பெய்யும் மழை சராசரியாக 1,200 மில்லிமீட்டர் அளவு. இது குறைவான மழை அன்று. ஆனால் அதிற் பெரும்பங்கு வடகிழக்குப் பருவக்காற்றுடன் ஐப்பசி, கார்த்திகை மாதங்களை ஒட்டிக் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. பிறகு தை முதல் ஆனி வரை வானம் வாய் திறப்பது அரிது. அக்கினி நட்சத்திர நாட்களில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும். ஆகவே நம் ஊர்ச் செடிக்கு இரண்டு சோதனைகள் உண்டு. ஆறு மாத வறட்சியைத் தாங்கவேண்டும். ஆறு வார வெள்ளத்தையும் தாங்கவேண்டும். வறண்ட நாடுகளிலிருந்து வந்த சதைப்பற்றுள்ள செடிகள் முதற் சோதனையில் எளிதாகத் தேறி, இரண்டாவதிற் தோற்கின்றன. சித்திரை வெயிலைச் சிரித்துக்கொண்டே கடந்த கற்றாழை, கார்த்திகை மழையில் வேரழுகிச் சாய்வதை நாம் காண்கிறோம். ஏரிப் பாசனத்துக் களிமண்ணில் இது இன்னும் விரைவில் நடக்கும்.

இதற்குப் பரிகாரம் எளிது. நடும் இடத்தை ஒரு முழம் மேடாக்குங்கள். மண்ணோடு உடைந்த ஓட்டுத் துண்டும் செங்கற் பொடியும் மக்கிய எருவும் கலவுங்கள். சதைப்பற்றுள்ள செடியாயின் கலவையிற் பாதியளவு ஓடும் செங்கலுமாகவே இருக்கட்டும். ஆற்று மணலை விலை கொடுத்து வாங்கவேண்டிய அவசியம் இல்லை. பழைய வீடு இடித்த இடத்தில் வேண்டிய மட்டும் கிடைக்கும். எருவை மிகுதியாக இடுவது இவ்வகைச் செடிகளுக்கு உபகாரம் அன்று, உபத்திரவமே.

இனிச் செடிகளுக்கு வருவோம். என் அபிப்பிராயத்தில் முதல் மரியாதை அரளிக்கே. செவ்வரளி, வெள்ளரளி, இளஞ்சிவப்பு அரளி ஆகிய எதுவாயினும், வேர் பிடித்த இரண்டாம் ஆண்டு முதல் மழைநீரே அதற்குப் பெரும்பாலும் போதும். நெடுஞ்சாலைகளின் நடுத்திட்டில், வண்டிப் புகையிலும் தார்ச்சாலை வெப்பத்திலும் பல இடங்களில் அரளி பூத்து நிற்பதைப் பயணம் செய்யும் எவரும் காணலாம். அதைவிடப் பெரிய நற்சான்றிதழ் எதற்கு? சேலம் பக்கத்துப் பனமரத்துப்பட்டியில் அரளியை வயற்பயிராகவே வைத்து, பறித்துச் சந்தைக்கு அனுப்புகிறார்கள். விரற்கடைப் பருமனுள்ள குச்சியை ஒரு சாண் நீளத்திற்கு நறுக்கி, ஆடியில் ஊன்றினால் மழைக்குமுன் வேர் பிடித்துவிடும்.

அரளியைப் புகழ்ந்த அதே மூச்சில் ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். இதன் இலை, பூ, பட்டை, வேர், பால் எல்லாம் நஞ்சு; இருதயத்தைத் தாக்கும் நஞ்சு. ஆடுமாடு பச்சையாகத் தின்றாலும் காய்ந்த தழையைத் தின்றாலும் ஆபத்தே. 2024 மே மாதத்தில் கேரளத்துத் திருவிதாங்கூர் தேவஸ்வம் வாரியம், தன் ஆலயங்களின் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப் பூவைச் சேர்க்கலாகாது என்று தீர்மானித்தது. மஞ்சள் பூப்பூக்கும் பொன்னரளி இன்னும் பொல்லாதது. அதன் கொட்டையைப் பற்றி நம் ஊர்களிற் சொல்லித் தெரியவேண்டியதில்லை. தவழும் குழந்தையும் கட்டுத்தறி ஆடும் உள்ள வீட்டில், அரளியை வாசலில் வையாமல் கொல்லைக் கோடியில் வேலிக்கு அப்புறமாக வையுங்கள். கவாத்து செய்த கிளைகளைக் குப்பையில் எறியாமற் புதைத்துவிடுங்கள், அடுப்பெரிக்கவும் ஆகாது.

குழந்தைகள் உள்ள வீட்டு வாசலுக்கு ஏற்றது டிசம்பர்ப் பூ. ஊதா, வெள்ளை, கோடு போட்ட இளஞ்சிவப்பு என்று நிறங்கள் உண்டு. ஆண்டு முழுதும் பச்சைப் புதராக நின்று, மழை ஓய்ந்த மார்கழியில், வேறு பூ அகப்படாத வேளையில் பூத்துக் குலுங்கும். தை முடிந்ததும் முழங்கால் உயரத்திற்கு வெட்டிவிட்டால் கோடையைப் பேசாமற் கடந்துவிடும். வாசனை இல்லை என்று சிலர் குறை சொல்வார்கள்; பின்னி முடிக்கும் பெண்கள் அதைப் பொருட்படுத்துவதாகத் தெரியவில்லை. நந்தியாவட்டையும் அவ்வாறே நம்பத்தக்கது. பூஜைக்கு வெள்ளைப் பூ நாள்தோறும் தரும். சற்று நிழல் விழுந்தாலும் கோபியாது.

கனகாம்பரத்தை இவற்றோடு சேர்க்கலாமா என்று கேட்பார்கள். அதுவும் பல்லாண்டு நிற்கும் செடிதான், விலையும் போகும். ஆயினும் வேரில் நூற்புழு விழுந்தால் தோட்டம் முழுவதும் மஞ்சளித்துப் போகும். கோடையில் நீரும் கேட்கும். அதை விற்பனைக்குப் பயிரிடுவோர் பார்த்துக்கொள்ளட்டும். தறியை விட்டு எழ முடியாதவர்க்கு அது ஏற்ற துணை அன்று. செம்பருத்தியும் அப்படியே. 2008-இல் கோயம்புத்தூர்ப் பக்கம் முதன்முதலாகக் காணப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளியை மட்டுமன்றி மல்பெரியையும் மரவள்ளியையும் செம்பருத்தியையும் வெள்ளைப் பஞ்சு போர்த்தினாற்போல் மூடியது. பட்டுப்புழு வளர்ப்போர் மல்பெரி இலையின்றித் தவித்தனர். 2010-இல் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட ஒரு நுண்ணிய ஒட்டுண்ணிக் குளவியே அப்பூச்சியை அடக்கியது. பட்டு நமக்கு நூலாக வந்து சேருமுன் எங்கோ ஒரு மல்பெரித் தோட்டத்தில் இலையாக இருந்தது. ஆகையால் மாவுப்பூச்சி படிந்த செம்பருத்தியைப் பூவிற்காகப் பொறுத்துக்கொண்டிருப்பது நமக்குத் தகாது. கிளையை வெட்டி அழித்துவிட வேண்டும்.

காகிதப்பூ எனும் போகன்வில்லா பிரேசில் நாட்டது. 1766-இல் பிரான்ஸிலிருந்து உலகைச் சுற்றப் புறப்பட்ட போகன்வில் என்ற மாலுமியின் பெயரைத் தாங்கியிருக்கிறது. நாம் பூ என்று மயங்கும் வண்ண இதழ்கள் உண்மையில் இலைகளே. நடுவிலுள்ள சிறு வெண்குழல்தான் பூ. இதற்கு ஒரு விசித்திர குணம் உண்டு. நீரும் எருவும் தாராளமாகக் கொடுத்தால் இலையாகவே தழைத்து நிற்கும்; வேரைச் சற்று வாடவிட்டால்தான் நிறம் கொள்ளும். ஏழைக்கு ஏற்ற செடி என்பதற்கு இதற்குமேல் என்ன வேண்டும்? ஆனால் முள் உண்டு. தெருவிற் பாவு விரித்து ஓடும் இடத்திற்கும் நூல் உலர்த்தும் கொடிக்கும் அருகே இதை ஏற்றாதீர்கள். காற்றில் ஆடும் ஒரு வளார் பட்டிழையில் ஒருமுறை பட்டால், அறுந்ததைப் புணைக்க அரைநாள் போய்விடும்.

நித்தியகல்யாணி மடகாஸ்கர் தீவிலிருந்து வந்து, இப்பொழுது சுவரிடுக்கிலும் முளைக்கிறது. ஆடு கடிப்பதில்லை. சுடுகாட்டு மல்லி என்று பெயரிட்டு நம்மவர் அதை ஒதுக்கியதுண்டு. 1950களில் கனடா நாட்டு ஆராய்ச்சியாளர்களான நோபிளும் பியரும் அதன் இலையிலிருந்து புற்றுநோய்க்கு மருந்தாகும் சத்தைப் பிரித்தெடுத்தபின் அதன் மதிப்பு உயர்ந்தது. தென் தமிழ்நாட்டு மானாவாரி நிலங்களில் அதைப் பயிராகவே வைத்தார்கள். மருத்துவ மனையிற் பக்குவம் செய்து அளந்து கொடுக்கும் மருந்து அது. இலையைக் கிள்ளிக் கஷாயம் வைக்கும் காரியம் அன்று. வாசலுக்கு அதைப்போன்ற உழைப்பாளிச் செடி வேறில்லை என்பது என் எண்ணம். தேங்கிய நீர் ஒன்றுதான் அதற்கு எமன்.

மாலையில் தறியை விட்டு எழுந்து வருவோரை வரவேற்க அந்திமந்தாரை ஒன்று இருக்கட்டும். கோடையில் தண்டு மடிந்தாலும் அடியிலுள்ள கிழங்கு உயிரோடிருந்து, முதல் மழையில் மீண்டும் கிளம்பும். காலை பத்து மணியளவில் விரியும் பத்துமணிப்பூவோ, டேபிள் ரோஸ் என்று கடைத்தெருவில் வழங்குவது, சதைப்பற்றுள்ள இலை கொண்டது. இரண்டு விரல் நீளத் துண்டைக் கிள்ளி மண்ணிற் செருகினாற் போதும். வெயில் இல்லாத நாளில் அது கண் திறவாது.

சதைச்செடிகள் எப்படி இவ்வளவு சிக்கனமாக வாழ்கின்றன என்பதை விளக்கிய கதையில் நம் நாட்டுத் தோட்டம் ஒன்றுக்கும் பங்கு உண்டு. தரங்கம்பாடிக்கு மொரேவிய சபையின் ஊழியராக வந்து, பின்னர்க் கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவர நிபுணராக இருந்தவர் பெஞ்சமின் ஹேய்ன் என்ற ஜெர்மானியர். இவர் 1819-இல் சென்னையிற் காலமானார். நம் ஊரில் ரணகள்ளி என்றும், இலை விழுந்த இடத்திலெல்லாம் குட்டி முளைப்பதால் ‘கட்டிப்போட்டால் குட்டிப்போடும்’ என்றும் அழைக்கும் செடியின் இலையை அவர் மென்று பார்த்தார். காலையில் புளித்தது, நண்பகலிற் சுவையே இல்லை, மாலையிற் சற்றுக் கைத்தது. இதை 1813-இல் லண்டன் லின்னேயன் சங்கத்துக்கு ஒரு கடிதமாக எழுதினார். 1815-இல் அது அச்சாயிற்று.

அதன் காரணம் பின்னாளில் விளங்கியது. மற்றச் செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து காற்றை உட்கொள்கின்றன. திறந்த துளைவழி நீரும் ஆவியாகிப் போகிறது. இச்செடிகளோ பகலில் துளைகளை அடைத்துக்கொண்டு, குளிர்ந்த இரவில் திறக்கின்றன. இரவில் வாங்கிய கரியமில வாயுவைப் புளிப்பாக மாற்றிச் சேமித்து, பகல் வெளிச்சத்தில் அதைக்கொண்டு உணவு சமைக்கின்றன. விலை மலிந்தபோது நூல் வாங்கி வைத்துப் பிறகு நெய்யும் விவேகிக்கு ஒப்பானவை. இதை அறிந்தால் நீர் ஊற்றும் முறையும் தானே விளங்கும்: மண் அடிவரை உலர்ந்தபின் ஒரு முறை நிறைய ஊற்றவேண்டும், நாள்தோறும் சிறிது சிறிதாகத் தெளிப்பது கொலைக்குச் சமம்.

இவ்வினத்திற் சோற்றுக்கற்றாழை எல்லார் வீட்டிலும் இருக்கத்தக்கது. மருள் என்பது நம் கிழக்குக் கரையின் சொந்தச் செடி. வாள்போன்ற இலையும், இரவில் மணக்கும் வெளிர் பூங்கொத்தும் உடையது. முற்காலத்தில் வில்லுக்கு நாண் திரித்தது இதன் நாரில்தான். நூலோடு பழகுவோர் ஓர் இலையைக் கீறிப் பார்த்தால் அதன் மென்மையைக் கண்டு வியப்பார்கள். சுவரோரம் வைக்கலாம். குழித்தறி உள்ள அறையின் வெளிச்சுவரை ஒட்டி நீர் கேட்கும் செடியை வைத்தால் ஈரம் குழிக்குள் இறங்கக்கூடும்; மருளுக்கும் கற்றாழைக்கும் அந்தத் தொல்லை இல்லை.

கள்ளி வகைகளைப் பற்றி மட்டும் நிதானம் வேண்டும். பராமரிப்பே வேண்டாத செடி, எல்லையையும் மதியாத செடியாக இருப்பதுண்டு. சப்பாத்திக்கள்ளியின் சரித்திரம் இதற்குச் சான்று. அது சாயத்தோடும் பட்டோடும் சம்பந்தப்பட்டதாகையால் நெசவாளர் அறியவேண்டியது. அமெரிக்கக் கண்டத்தில் அக்கள்ளியின்மேல் வாழும் கொச்சினீல் பூச்சியை உலர்த்திப் பொடித்துச் செந்நிறச் சாயம் எடுத்தார்கள். ஒரு பவுண்டுக்கு ஏறக்குறைய 70,000 பூச்சிகள் வேண்டும், ஆகவே பொன்விலை. அரக்குச் சிவப்பில் ஊறிய நம் நாட்டிலும் அதை உண்டாக்கிவிடலாம் என்று, சென்னையில் கம்பெனியின் தலைமை மருத்துவராயிருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் முயன்றார். 1788-இல் இதுபற்றி அவர் சர் ஜோசப் பாங்க்ஸுக்கு எழுதிய கடிதங்கள் சென்னையில் அச்சாயின. சைதாப்பேட்டையிற் கள்ளித் தோட்டமே போட்டார். பட்டுக்காக மல்பெரியும் வளர்த்தார். 1795-இல் நீல்சன் என்ற காப்டன் பிரேசிலிலிருந்து கல்கத்தாவிற்குப் பூச்சியைக் கொண்டுவந்து சேர்த்தார். வந்தது உயர்ந்த சாயப் பூச்சி அன்று, அதன் காட்டினம். சாயத் தொழில் நடக்கவில்லை. பூச்சியோ ஒருவகைக் கள்ளியைத் தின்று அழித்தது. தென்னாட்டிற் படர்ந்திருந்த மற்றொரு வகைக் கள்ளியை அது தொடவில்லை. அது மேய்ச்சல் நிலத்தையும் பாதையையும் அடைத்துக்கொண்டு நின்றது. 1926-இல் இலங்கையிலிருந்து வேறொரு கொச்சினீல் இனத்தைக் கொண்டுவந்து விட்டபின்பே அதன் ஆதிக்கம் ஒடுங்கியது.

வேலிக்கென்று வந்த சீமைக்கருவேலமும், அழகுக்கென்று வந்த உண்ணிச்செடியும் இன்று நம் ஏரிகளையும் காடுகளையும் என்ன செய்திருக்கின்றன என்பதற்கு விளக்கம் வேண்டியதில்லை. ஆகவே புதிய செடி ஒன்றை யாரேனும் “தானே பரவும், கவலையே இல்லை” என்று புகழ்ந்து கொடுத்தால், அதுவே கவலைக்குரிய சொல் என்று கொள்ளுங்கள். ரணகள்ளியைக்கூடத் தொட்டியில் வைப்பதே உத்தமம். ஏரிக்கரையிற் கழித்துக் கொட்டலாகாது. திருகுகள்ளி, சதுரக்கள்ளி ஆகியவற்றின் பால் கண்ணிற் பட்டாற் பார்வைக்கே கேடு. வெட்டும்போது கையுறையும், வெட்டியபின் உடனே கழுவ நீரும் வேண்டும்.

செலவைப் பற்றி ஒரு யோசனை. இங்கே சொன்ன செடிகளிற் பெரும்பாலானவை குச்சியிலும் பக்கக் கன்றிலும் வருபவை. விலைக்கு வாங்கவேண்டியவை அல்ல. சங்கக் கட்டடத்தின் வெயில் படும் பக்கத்தில் ஒரு சென்ட் இடம் ஒதுக்கி, ஒவ்வொரு இனத்திலும் நான்கு தாய்ச்செடி வைத்தால், அடுத்த ஆடியிலிருந்து அங்கத்தினர் யாவருக்கும் குச்சி கொடுக்கலாம். கணக்குப் புத்தகத்தில் ஒரு பக்கம் போதும்: யார் எதை வாங்கினார், அடுத்த ஆண்டு எத்தனை குச்சி திருப்பித் தந்தார் என்று. வெண்ணரளிக்கு உரியவர் நந்தியாவட்டையையும், நந்தியாவட்டைக்கு உரியவர் டிசம்பர்ப் பூவையும் பெறுவார்.

நீரைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. அரிசி களைந்த நீரும் காய்கறி கழுவிய நீரும் செடிக்கு நல்லவை. பட்டு நூலின் பசை நீக்கக் காய்ச்சிய சோடா, சோப்பு நீரையும், சாயத் தொட்டியின் கழிவையும் எவ்வளவு வறட்சியானாலும் செடிக்கு ஊற்றாதீர்கள். அந்தக் காரம் மண்ணை இறுக்கி வேரைக் கருக்கும். புதிதாக ஊன்றிய குச்சிக்கு முதற் கோடையில் மட்டும் வாரம் இருமுறை, பொழுது சாய்ந்தபின் ஒரு செம்பு நீர். இரண்டாம் கோடையில் மாதம் இருமுறை. அதன்பின் அரளிக்கும் காகிதப்பூவிற்கும் வானமே பார்த்துக்கொள்ளும்.

சதைச்செடியின் கன்றையோ துண்டையோ வெட்டியவுடன் நடாதீர்கள். நான்கைந்து நாள் நிழலிற் கிடத்தி, வெட்டுவாய் உலர்ந்து தோல் கட்டியபின் நட்டு, ஒரு வாரம் கழித்தே நீர் விடுங்கள். இவற்றை நடுவதற்குத் தை, மாசியே ஏற்றது, புதர்ச்செடிகளுக்கு ஆடி. அடிமரம் பருத்துச் செந்நிறப் பூக்கொள்ளும் பாலைவன ரோஜாவை ஆசைப்பட்டு வாங்கியவர்கள் அதை நிலத்தில் இறக்காமல் தொட்டியிலேயே வைத்து, ஐப்பசியின் முதல் மழைக்குத் திண்ணையில் ஏற்றிவிடுங்கள். இலை உதிர்ந்தாலும் கலங்கவேண்டாம். ராஜகுளத்தில் வரதராஜப் பெருமாள் தெப்பம் காணும் தை மாதத்தில் தொட்டியை மீண்டும் வெயிலில் இறக்கி, ஒரு செம்பு நீர் விட்டாற் போதும். மாசியிற் துளிர் வரும்.